தனிப் பந்தி: ஆஸ்கர் மேடையில் அனிமேஷன் படங்கள்

2022 மார்ச் 27 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில், சிறந்த அனிமேஷன் படம் எது என்று அறிவிக்க மூன்று நடிகைகள் மேடைக்கு வந்தார்கள். டிஸ்னியின் பழைய இளவரசிக் கதைகளை, நிஜ நடிகர்களை நடிக்க வைத்து, லைவ் ஆக்‌ஷனாக மறுபடி எடுத்தபோது அந்த வேடங்களுக்குத் தேர்வானவர்கள் மூவரும். குழந்தைகள் இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள், அது என்ன பாடு என்று பெற்றோருக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி ஒரு வசனம் பேசினார்கள். எழுதிக் கொடுத்ததைப் பேசினார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் அன்று போட்டியில் இருந்த ஐந்து படங்களில் ஒன்று ‘ஃப்ளீ’. காபூலிலிருந்து சிறுவனாகத் தப்பி, ரஷ்யாவில் ஒளிந்து வாழ்ந்து, கடைசியில் டென்மார்க் வந்து சேர்ந்த ஒருவரின் உண்மைக் கதை. ஆட்கடத்துகிறவர்கள் அவருடைய அக்காமாரைக் கப்பல் கண்டெய்னருக்குள் அடைத்து அனுப்பும் பகுதி அதில் வருகிறது. தான் தன்பாலின ஈர்ப்புள்ளவர் என்பதைப் பல ஆண்டுகள் வீட்டாரிடம் மறைத்து வைத்த வேதனையும் வருகிறது. முகத்தையும் பெயரையும் வெளியே காட்ட முடியாது என்பதால்தான் இயக்குநர் யோனஸ் போஹர் ராஸ்முசன் அதை வரைபடமாக எடுத்தார். அனிமேஷன், ஆவணப்படம், சர்வதேசப் படம் என்று ஒரே ஆண்டில் மூன்று பிரிவுகளிலும் நியமனம் பெற்ற முதல் படம் அதுதான். அந்தப் படம் உட்கார்ந்திருந்த பந்தியைப் பார்த்துத்தான் ‘பிள்ளைகள் போட்டுப் பார்ப்பார்கள்’ என்றார்கள். அதே பிரிவில் நியமனம் பெற்ற தயாரிப்பாளர்களான ஃபில் லார்டும் கிறிஸ் மில்லரும் அப்புறம் ‘வெரைட்டி’ பத்திரிகையில் கட்டுரை எழுதித் தங்கள் வருத்தத்தைச் சொன்னார்கள்.

அனிமேஷனுக்கு மரியாதை இல்லை என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புவதில் அர்த்தமில்லை. எந்த இடத்தில் இல்லை, எந்த விதியால் இல்லை என்று பார்க்க ஆஸ்கரைவிட நல்ல களம் கிடையாது. விதிகள் எழுத்தில் இருக்கின்றன, பட்டியல்கள் இருக்கின்றன, ஆண்டுகள் இருக்கின்றன.

முடியாத படத்துக்கு எழுந்து நின்ற அரங்கம்

1991 செப்டம்பரில் நியூயார்க் திரைப்பட விழாவுக்கு டிஸ்னி ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தை அரைகுறையாகவே எடுத்துக்கொண்டு போனது. சுமார் 70 சதவீதம்தான் முழு வண்ணத்தில் தயார். மீதி இடங்களில் காட்சிகளை முன்கூட்டி வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டும் பென்சில் கோடும்தான். ஒரு ஷாட்டில் கதாநாயகி பெல் முழு வண்ணத்தில் பாடிக்கொண்டிருப்பாள், அடுத்த ஷாட்டில் அதே பெல் வெறும் பென்சில் கோடாக அசைவாள், அதற்கடுத்தது அசையாத ஒரு படம், குரல் மட்டும் ஓடும். உலக சினிமா பார்த்துப் பழகிய அந்தக் கூட்டம் படம் முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தத் திரையிடல் ஒரு விதத்தில் ஒரு செயல்விளக்கம். வண்ணத்தையும் மினுக்கையும் எடுத்துவிட்டால் அனிமேஷன் படத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்பதை அந்தப் பென்சில் பகுதிகள் காட்டின. ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, கேமரா எவ்வளவு தள்ளி நிற்கிறது, எந்த நொடியில் வெட்டு விழுகிறது, ஒரு பார்வை எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்கிற முடிவுகள்தான் மிச்சம். இதற்குப் பெயர் இயக்கம். லைவ் ஆக்‌ஷன் இயக்குநர் செய்வதும் இதைத்தான். என்ன, இங்கே தற்செயல் என்று ஒன்று கிடையாது. காற்றில் தலைமுடி பறக்க வேண்டுமானால்கூட யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்த ஆண்டு அந்தப் படம் ஆறு நியமனங்கள் பெற்றது. அதில் ஒன்று சிறந்த படத்துக்கானது. அனிமேஷன் படம் ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் முறை. அப்போது மொத்தம் ஐந்தே இடங்கள். ‘ஜே.எஃப்.கே.’, ‘பக்ஸி’, ‘தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்’, ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்’ ஆகியவற்றோடு சரிசமமாக உட்கார்ந்தது. பரிசு ‘சைலன்ஸ்’ படத்துக்குப் போனது, அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பின்னணி இசை, பாடல் என்று இரண்டு விருதுகள் இதற்கும் கிடைத்தன. பாட்டெழுதிய ஹோவர்ட் ஆஷ்மன் முந்தைய மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். முழுப் படத்தை அவர் பார்க்கவில்லை.

அதுவரை அனிமேஷனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சிறப்பு விருது என்கிற தட்டிக்கொடுப்புதான். ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக 1939-ல் வால்ட் டிஸ்னிக்கு ஒரு பெரிய சிலையும், படிவரிசையில் ஏழு குட்டிச் சிலைகளும் கொடுத்தார்கள். அழகான யோசனைதான். ஆனால் கொடுத்த கையையும் கவனிக்கணும்: ஷெர்லி டெம்பிள், வயது பத்து. குழந்தைகளுக்கான பொருளைக் குழந்தையை வைத்தே கொடுத்துவிடும் வழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

தனி விருது வந்த பிறகு

‘டாய் ஸ்டோரி’க்கு 1996-ல் மறுபடியும் ஒரு சிறப்பு விருது. ஆனால் அதே ஆண்டு அசல் திரைக்கதைப் பிரிவிலும் அது நியமனம் பெற்றது. கம்ப்யூட்டர் அனிமேஷன் வந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்கள் என்ற நிலை மாறி எண்ணிக்கை கூடியது. அப்போதுதான் சிறந்த அனிமேஷன் படம் என்ற பிரிவை ஆஸ்கர் வழங்கும் அமைப்பான அகாடமி தொடங்கியது. 2001-ம் ஆண்டுப் படங்களுக்கு, 2002 மார்ச் விழாவில் முதல் விருது. ‘ஷ்ரெக்’ ஜெயித்தது.

இதே ‘ஷ்ரெக்’ 2001 மே மாதம் கான் விழாவில் முதன்மைப் போட்டியில் இருந்தது. டேவிட் லிஞ்சின் ‘மல்ஹாலண்ட் டிரைவ்’ இருந்த அதே பட்டியல். 2002 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் மீரா நாயர் தலைமையிலான நடுவர் குழு மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்துக்கு முதல் பரிசான தங்கக் கரடியையே கொடுத்தது. வட அயர்லாந்துத் துப்பாக்கிச்சூட்டைப் பற்றிய ‘பிளடி சண்டே’யோடு பகிர்ந்த பரிசு அது. ஐரோப்பா பொதுப் பந்தியில் இலை போட்ட அதே மாதங்களில் ஹாலிவுட் தனிப் பந்தி விரித்தது.

விதிப்படி தடை ஏதும் கிடையாது. அனிமேஷன் பிரிவில் போட்டியிடும் படம் சிறந்த படத்துக்கும் போட்டியிடலாம். ஆனால் வாக்குச் சீட்டு வேலை செய்யும் விதம் வேறு. சிறந்த பட நியமனத்துக்கு உறுப்பினர்கள் தங்கள் விருப்பத்தை வரிசையாக எழுதித் தருகிறார்கள். அதில் முதலிடத்தில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். எல்லோருக்கும் நான்காவதாகப் பிடித்த படம் பட்டியலுக்கு வருவது கஷ்டம். இப்போது ஒரு வாக்காளர் மனதைப் பாருங்கள்: அந்தப் படத்துக்குத்தான் தனியாக ஒரு விருது இருக்கிறதே, அங்கே எப்படியும் வாங்கிவிடும், என் முதல் இடத்தை இன்னொரு படத்துக்குக் கொடுக்கலாம். இதில் வெறுப்போ ஏளனமோ இல்லை, நியாயமான கணக்குதான். பத்தாயிரம் பேர் அதே கணக்கைப் போட்டால் வாசல் அடைபட்டுவிடும்.

நடந்ததும் அதுதான். 2008-ல் வந்த ‘வால்-ஈ’ ஆறு நியமனங்கள் பெற்றது, லாஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர்கள் சங்கம் அதை அந்த ஆண்டின் சிறந்த படமாகவே தேர்ந்தெடுத்தது. ஆஸ்கரின் சிறந்த படப் பட்டியலில் மட்டும் இடமில்லை. அடுத்த ஆண்டு இடங்களைப் பத்தாக்கினார்கள். உடனே ‘அப்’ உள்ளே வந்தது, அதற்கடுத்து ‘டாய் ஸ்டோரி 3’. பிறகு முதல் விருப்ப வாக்கில் ஐந்து சதவீதமாவது வேண்டும், அதைப் பொறுத்து இடங்கள் கூடும் குறையும் என்று மாற்றினார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு அனிமேஷன் படம்கூட வரவில்லை. 2021-ம் ஆண்டுப் படங்களிலிருந்து மறுபடி பத்து இடம் நிச்சயம் என்றார்கள். அதன் பிறகும் அந்த நிலை மாறவில்லை. ஹாலிவுட்டின் இன்னொரு பெரிய விருதான கோல்டன் குளோபிலும் கதை இதே. ‘பியூட்டி’, ‘தி லயன் கிங்’, ‘டாய் ஸ்டோரி 2’ மூன்றும் இசை-நகைச்சுவைப் பிரிவில் சிறந்த பட விருதையே வாங்கியவை. 2006-ம் ஆண்டுப் படங்களிலிருந்து அங்கேயும் தனி விருது வந்தது. அத்தோடு பொது விருது நின்றுபோனது.

தனிப் பந்தி யாருக்கு லாபம்

இதோடு நிறுத்திவிட்டால் தனி விருதுதான் வில்லன் என்று ஆகிவிடும். அது பாதி உண்மைதான். பெரிய ஸ்டுடியோக்களுக்கு இதனால் நஷ்டம் இருக்கலாம். சின்னப் படங்களுக்குக் கொள்ளை லாபம்.

அயர்லாந்தின் கில்கென்னி என்ற சிறு நகரத்தில் இருக்கிறது கார்ட்டூன் சலூன் ஸ்டுடியோ. இவர்களுடைய ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ 2010-ல் நியமனப் பட்டியலில் வந்தபோது ஹாலிவுட்டிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டிராத படம். அதன் பின் ‘சாங் ஆஃப் தி சீ’, ‘தி பிரெட்வின்னர்’, ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ என்று வரிசையாக நியமனம். பொதுப் போட்டி மட்டும் இருந்திருந்தால் இவற்றில் ஒன்றையாவது யாராவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதற்கெல்லாம் உச்சம் 2025. லாட்வியாக்காரர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எடுத்த ‘ஃப்ளோ’. வெள்ளத்தில் உலகம் முழுகிப்போக, ஒரு படகில் ஒரு பூனையும் வேறு சில மிருகங்களும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. மிருகங்கள் மனிதர்கள் மாதிரிப் பேசிச் சிரிக்க வைக்காது. பூனை பூனையாகவே பயப்படும். கேமரா அதன் உயரத்திலேயே தண்ணீரை ஒட்டி ஓடும், நீண்ட ஷாட்களில், வெட்டாமல். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்தது. செலவு சுமார் 35 லட்சம் யூரோ. எதிரே நின்ற ‘இன்சைட் அவுட் 2’ உலகம் முழுக்க 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். ஜெயித்தது பூனை. லாட்வியாவுக்கு அதுதான் முதல் ஆஸ்கர்.

ஆக, பந்தி தனியாக இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. பரிமாறுகிறவர்கள் எதையும் பார்க்காமலே பரிமாறுவதுதான் பெரிய பிரச்சினை. 2015-ல் பெயர் சொல்லாமல் ‘ஹாலிவுட் ரிப்போர்ட்டர்’ பத்திரிகைக்குப் பேசிய ஒரு வாக்காளர், ‘லெகோ’ படத்தை விட்டுவிட்டு யாரும் பார்க்காத இரண்டு சீனப் படங்களை நியமித்துவிட்டார்களே என்று கெட்ட வார்த்தையோடு பொரிந்து தள்ளினார். அவர் சொன்ன அந்த இரண்டு ‘சீன’ப் படங்களில் ஒன்று அயர்லாந்தின் ‘சாங் ஆஃப் தி சீ’. இன்னொன்று ஜப்பானின் இசாவோ தகஹாதா, நீர்வண்ணமும் கரிக்கோடுமாக ஆண்டுக்கணக்கில் உழைத்து எடுத்த ‘தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் ககுயா’. நாடு எது என்று பார்க்கக்கூடப் பொறுமை இல்லாத ஒருவர் கையில் அந்த ஓட்டு இருந்தது. 2017-ல் நியமனம் செய்யும் உரிமையை விரும்பும் எல்லா உறுப்பினர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அடுத்த பட்டியலிலேயே ‘தி பாஸ் பேபி’ வந்தது. அதை ரசித்தவர்கள் மன்னிக்கணும், ஆனால் அதே ஆண்டு போட்டியில் ஹிரோஷிமா காலத்து ஜப்பானியப் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் ‘இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்’ இருந்தது.

ஒரு பிரிவில் நியமனம் பெற்ற எல்லாப் படங்களையும் பார்த்தவர்கள்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம் என்று 2025 ஏப்ரலில் அகாடமி அறிவித்தது. பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

புலி நடித்தால் கலை, பூனை நடித்தால் கார்ட்டூன்

எனக்கு இந்த விவகாரத்தில் உறுத்துவது வேறொரு பட்டியல். ஆஸ்கரின் இயக்குநர், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, நடிப்புப் பிரிவுகளில் முழு நீள அனிமேஷன் படம் ஒன்று இதுவரை நியமனம்கூடப் பெற்றதில்லை. திரைக்கதையில் மட்டும் ‘டாய் ஸ்டோரி’ எடுத்த பிக்ஸார் ஸ்டுடியோவின் படங்கள் பலமுறை நுழைந்திருக்கின்றன, ஜெயித்ததில்லை. எழுத்தை எழுத்தாகப் படிக்க முடிகிறது; ஒளியையும் வெட்டையும் நடிப்பையும் படிக்கத் தெரியவில்லை. அந்தந்தத் துறைக்காரர்கள்தான் அந்தந்தப் பிரிவுக்கு நியமனம் செய்கிறார்கள். அகாடமியில் பெரிய கிளை நடிகர்களுடையது. குரல் ஒருவருடையது, முகமும் உடலும் அனிமேட்டருடையது என்று பிரிந்து கிடக்கும் நடிப்பை அவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? ‘ஸ்பிரிட்டட் அவே’யில் சிஹிரோ ரயிலில் போகும் காட்சி இருக்கிறது. தண்ணீருக்கு மேல் தண்டவாளம், நிழல் மாதிரிப் பயணிகள், பக்கத்தில் முகமூடி உருவம். கிட்டத்தட்டப் பேச்சே இல்லை. ஒரு பத்து வயதுப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து பயத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் உட்காரும் விதத்திலேயே தெரிகிறது. அதை நடித்தது யார் என்று கேட்டால் விருதுப் படிவத்தில் எழுத ஒரு பெயர் கிடைக்காது.

இதே வேலை லைவ் ஆக்‌ஷனுக்குள் ஒளிந்துகொண்டால் கதையே வேறு. ‘லைஃப் ஆஃப் பை’ புதுச்சேரியில் தொடங்கும் கதை, அங்கேயே படமெடுத்தார்கள். கடல் பகுதிக்குத் தைவானில் பெரிய தொட்டி கட்டினார்கள். ரிச்சர்ட் பார்க்கர் என்ற அந்தப் புலி சில ஷாட்கள் நீங்கலாக, அனிமேட்டர்கள் கைப்பட அசைவு அசைவாக உருவாக்கியது. வானமும் கடலும்கூடப் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பிறந்தவை. 2013-ல் அதற்கு இயக்குநர், ஒளிப்பதிவு, இசை, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று நான்கு ஆஸ்கர். இயக்குநர் ஆங் லீக்கு அது தகுதியான விருதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் விழாவுக்குச் சில நாள் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தது. அரங்குக்கு வெளியே விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே விருது வாங்கிய பில் வெஸ்டன்ஹோஃபர் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும் ‘ஜாஸ்’ படத்தின் சுறா இசையைப் போட்டு, மைக்கை அணைத்து இறக்கிவிட்டார்கள்.

2019-ல் வந்த ‘தி லயன் கிங்’ இன்னும் வேடிக்கை. படத்தில் ஒரே ஒரு ஷாட்தான் உண்மையாகக் கேமராவில் எடுத்தது என்று இயக்குநர் ஜான் ஃபேவ்ரோவே சொல்லியிருக்கிறார். கோல்டன் குளோபில் அது அனிமேஷன் பிரிவில் நின்றது. ஆஸ்கரில் விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் நின்றது. சிங்கம் ஒன்றுதான், ஊருக்கு ஒரு ஜாதகம்.

அனிமேஷன் தன்னை மறைத்துக்கொள்ளும்வரை அதற்கு எல்லாக் கதவும் திறக்கிறது. நான் வரைந்ததுதான் என்று முகத்தைக் காட்டினால் ஒரே ஒரு கதவு. இந்த வழக்கில் நான் கண்ட வரையில் குற்றம் இதுதான். 2023-ல் ‘பினாக்கியோ’வுக்கு விருது வாங்கிய கியர்மோ டெல் டோரோ, அனிமேஷனும் சினிமாதான், அதை ஒரு வகையாக ஒதுக்காதீர்கள் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார். லைவ் ஆக்‌ஷனில் சிறந்த படமும் சிறந்த இயக்குநரும் வாங்கியவர் அவர். அவர் வாயிலிருந்து வந்ததால் அது செய்தியானது; முப்பது ஆண்டாக அனிமேட்டர்கள் சொன்னது ஆகவில்லை.

நம் ஊர்ப் படிவம்

நம் தேசிய விருதுகளில் இது எப்படி இருக்கிறது? சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஒரு விருது இருந்தது. 55-வது தேசிய விருதுகளில் அதை வாங்கியது ஒரு தமிழ்ப் படம், வெங்கி பாபு இயக்கி, இளையராஜா இசையமைத்த ‘இனிமே நாங்கதான்’. இளையராஜா பாட்டுகளை வரிசை எண்ணோடு சொல்லும் ரசிகர்களிடம்கூட இந்தப் பெயரைச் சொன்னால் ‘அப்படி ஒரு படமா?’ என்பார்கள். நம்மில் பலருக்கு அனிமேஷன் என்றால் சுட்டி டிவி, இல்லையென்றால் ‘கோச்சடையான்’ வந்தபோது சமூக வலைதளத்தில் ஓடிய கேலி. அந்தக் கேலியில் பாதி நியாயமும் உண்டு, முகங்கள் உயிரில்லாமல்தான் இருந்தன. ஆனால் ஒரு படம் சரியில்லை என்றால் லைவ் ஆக்‌ஷனே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

70-வது விருதுகளிலிருந்து அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் என்று நான்கையும் ஒரே பிரிவில் போட்டுவிட்டார்கள். முதல் ஆண்டு அதை வாங்கியது ‘பிரம்மாஸ்திரா’. அடுத்த ஆண்டு ‘ஹனு-மான்’. இரண்டுமே நடிகர்கள் நடித்த லைவ் ஆக்‌ஷன் படங்கள். ஆஸ்கர் விரித்தது தனிப் பந்தி என்றால், இங்கே அந்தப் பந்தியிலும் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். விஷுவல் எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் மேல் குறை இல்லை, அவர்களுக்கும் தனி விருது வேண்டும். ஆனால் இரண்டு வேலையும் ஒன்றல்ல.

2025 ஜூலையில் வெளியான அஷ்வின் குமாரின் ‘மகாவதார் நரசிம்மா’ தமிழ் உட்படப் பல மொழிகளில் ஓடி, இந்தியாவில் இதுவரை எந்த அனிமேஷன் படமும் பார்க்காத வசூலைப் பார்த்தது. தியேட்டரில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை. அது நல்ல சினிமாவா என்பதில் எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது, தூணைப் பிளந்து நரசிம்மர் வரும் கடைசிப் பகுதிக்கு முன்னால் படம் ரொம்பவே இழுக்கிறது. அந்தச் சண்டையை லைவ் ஆக்‌ஷன் படத்தோடு போடுவது மாதிரியே அதோடும் போடலாம், இழுவை எங்கே, ஒளி எப்படி, வெட்டு சரியா என்று. எந்த ஆண்டுப் பட்டியலில் அது வந்தாலும் விருதுக் குழுவிடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: அனிமேஷனையும் விஷுவல் எஃபெக்ட்ஸையும் பழையபடி பிரித்துவிடுங்கள், இயக்குநர் விருதுக்கும் படத்தொகுப்பு விருதுக்கும் படங்களைப் போட்டுப் பார்க்கும்போது அனிமேஷன் படங்களையும் அதே அறையில் போட்டுப் பாருங்கள்.